அடுப்படிக்கு ஒரு நாள் லீவு

சகோதரிகளே, உங்களிடம் ஒரு சின்னக் கேள்வி. வீட்டில் நீங்கள் கடைசியாகச் சுடச்சுடத் தோசை சாப்பிட்டது எப்போது?

யோசிக்கிறீர்கள் அல்லவா? யோசிக்கத்தான் வேண்டியிருக்கும். ஏனென்றால் வார்ப்பவள் நீங்கள். முதல் தோசை, பள்ளிக்கூட வண்டியைப் பிடிக்க வேண்டிய குழந்தைக்கு. இரண்டாவது, ஆபீசுக்குக் கிளம்புகிறவருக்கு. அப்புறம் மாமியாருக்கு மெத்தென்று ஒன்று, மாமனாருக்கு முறுகலாக ஒன்று. "இன்னும் ஒண்ணே ஒண்ணு, மன்னி!" என்று குரல் கொடுக்கும் மைத்துனருக்கு மூன்று. எல்லோரும் கை கழுவிக்கொண்டு எழுந்த பிறகு மாவுப் பாத்திரத்தை வழித்து ஊற்றினால், அரையும் குறையுமாக ஒரு தோசை வரும். அதற்குள் சட்னி தீர்ந்திருக்கும். மிளகாய்ப் பொடியைத் தொட்டுக்கொண்டு, மேடையில் சாய்ந்தபடி, நின்றுகொண்டே அதை விழுங்கிவிட்டு அடுத்த வேலையைப் பார்க்கப் போவீர்கள். இதற்குப் பெயர் காலைச் சாப்பாடு!

இதைக் குறையாகச் சொல்லவில்லை. நாலு பேருக்குப் பரிமாறி, அவர்கள் ருசித்துச் சாப்பிடுவதைப் பார்ப்பதில் ஒரு சந்தோஷம் இருக்கத்தான் செய்கிறது. ஆனால் அந்தச் சந்தோஷத்தை வருஷத்தில் 365 நாளும் ஒருத்தியே அனுபவிக்க வேண்டும் என்று எந்தச் சாஸ்திரத்தில் எழுதியிருக்கிறது? மாதத்தில் ஒரு நாளாவது பிறத்தியார் வார்த்த தோசையை, ஆவி பறக்க, ஆற அமர உட்கார்ந்து சாப்பிடும் பாக்கியம் நமக்கும் வேண்டாமா?

ஆகவே இந்த வாரம் சமையல் குறிப்பு கிடையாது. சமைக்காமல் இருப்பதற்குத்தான் குறிப்பு. பத்திரிகை வேலை என்றால் பட்டணம் முழுவதும் அலைய வேண்டும். எங்கே பசிக்கிறதோ அங்கே சாப்பிட வேண்டும். அப்படி நான் சென்னையில் சாப்பிட்டுப் பார்த்த இடங்களில், உங்களைத் தைரியமாக அனுப்பலாம் என்று தோன்றுகிற சிலவற்றை மட்டும் இங்கே சொல்கிறேன்.

"என்ன இருந்தாலும் ஹோட்டல் சாப்பாடு வீட்டுச் சாப்பாடு ஆகுமா?" என்று ஒரு குரல் கேட்கிறது. இந்தக் கேள்வியைக் கேட்கிறவர்கள் பெரும்பாலும் வீட்டில் சமைக்காதவர்களாகவே இருப்பதை நீங்கள் கவனித்திருக்கிறீர்களா? அவர்கள் கேட்டுக்கொண்டே இருக்கட்டும். நாம் புறப்படுவோம்.

திரைக்குப் பின்னால்

புறப்படுவதற்கு முன் ஒரு பழைய கதை. நம் பாட்டிமார் காலத்தில் ஹோட்டலுக்குள் பெண்கள் நுழைவதே அபூர்வம். கணவரோடு போனாலும், 'ஃபேமிலி ரூம்' என்று எழுதிய தடுப்புக்குள் போய், திரையை இழுத்து விட்டுக்கொண்டு, யாரோ பார்த்துவிடப் போகிறார்களே என்ற பயத்தோடு இரண்டு இட்லியைச் சாப்பிட்டுவிட்டு வர வேண்டும். தனியாகப் போவது என்ற பேச்சுக்கே இடமில்லை.

1938-ல் உடுப்பிப் பக்கத்துக்காரரான கே. கிருஷ்ண ராவ், ராயப்பேட்டையில் ஒரு பெரிய பங்களாவை வாடகைக்கு எடுத்து, அந்தப் பங்களாவின் பெயரிலேயே 'உட்லண்ட்ஸ்' ஹோட்டலைத் தொடங்கினார். அவரே 1962-ல் கதீட்ரல் சாலையில் 'உட்லண்ட்ஸ் டிரைவ் இன்' ஹோட்டலைத் திறந்தார். மர நிழலில் காரை நிறுத்தினால் போதும்; பரிசாரகர் வந்து தட்டைக் கார்க் கதவிலேயே மாட்டிவிடுவார். கார் வைத்திருந்த வீட்டுப் பெண்களுக்குத் திரையும் வேண்டாம், தடுப்பும் வேண்டாம்! கார் இல்லாத வீட்டுப் பெண்கள் என்ன செய்தார்கள் என்று கேட்காதீர்கள். வழக்கம்போல வீட்டில் தோசை வார்த்தார்கள். 2008-ல் அந்த ஹோட்டல் மூடப்பட்டது. 2010-ல் அதே இடத்தில் செம்மொழிப் பூங்கா வந்துவிட்டது. அந்த மர நிழலில் சாப்பிட்டவர்கள் இன்றைக்கும் பூங்கா வாசலைக் கடக்கும்போது ஒரு பெருமூச்சு விடுவதைப் பார்க்கலாம்.

தடுப்பு பெண்களுக்கு மட்டும்தான் இருந்தது என்று எண்ணிவிட வேண்டாம். இன்னார் மட்டுமே வரலாம், இன்னார் தனியாக உட்கார வேண்டும் என்று சாதி பார்த்துப் பந்தி போட்ட காலமும் இருந்தது. ஹோட்டல் பலகைகளில் 'பிராமணாள்' என்ற சொல் இருப்பதை எதிர்த்து, 1957-ல் திருவல்லிக்கேணியில் பெரியார் கிளர்ச்சியே நடத்தினார். இன்று ஒரு காப்பிக் கடையில் யார் பக்கத்தில் யார் வேண்டுமானாலும் உட்காருகிறோம். அந்த இடம் தானாக வந்துவிடவில்லை. யாரோ கேட்டு, யாரோ போராடி வாங்கிக் கொடுத்த இடம். அதில் நம் பங்குக்கு நாமும் போய் உட்கார வேண்டும்.

மயிலையில் ஒரு காலைப் பொழுது

முதலில் மயிலாப்பூர். திருமயிலை ரயில் நிலையத்தில் இறங்கினால் எல்லாம் நடந்து போகிற தூரம்தான்.

அருண்டேல் தெருவில் 'ராயர் மெஸ்' இருக்கிறது. வாசலைப் பார்த்து இதுவா என்று திரும்பிவிடாதீர்கள். சந்துக்குள் போக வேண்டும். உள்ளே போட்டிருப்பது சில மேஜைகள்தான். ஒரு பந்தி எழுந்தால்தான் அடுத்த பந்தி உட்காரலாம். இட்லி, பொங்கல், வடை, கூடவே அவர்களுடைய பெயர்பெற்ற கெட்டிச் சட்னி. பச்சை மிளகாய் காரம் நாக்கில் ஏறிக் கண்ணில் நீர் தளும்பும். ஆனால் கை நிற்காது. பரிமாறுகிறவர் ஒவ்வொரு இலையாகப் பார்த்து, "இன்னொரு வடை போடட்டுமா?" என்று கேட்டுக்கொண்டே வருவார். நாம் தினமும் வீட்டில் கேட்கிற கேள்வியை நம்மை நோக்கி ஒருவர் கேட்கும்போது எவ்வளவு சுகமாக இருக்கிறது, போய்ப் பாருங்கள். காலையில் சீக்கிரம் போக வேண்டும் என்பது ஒன்றுதான் நிபந்தனை. தாமதமானால் பொங்கல் தீர்ந்துவிடும்.

கபாலீசுவரர் கோயிலுக்கு வந்தவர்கள் கிழக்கு மாட வீதியில் 'கற்பகாம்பாள் மெஸ்'ஸைத் தேட வேண்டியதில்லை, மூக்கே வழிகாட்டும். இங்கே கீரை வடையும், அடை அவியலும் விசேஷம். அடையைப் பற்றிச் சொல்ல வேண்டும். நாலு பருப்பை ஊறப் போட்டு, பதம் பார்த்து அரைத்து, கல்லுக்கு முன்னால் நின்று பொறுமையாக வேகவிட்டு எடுப்பதற்குள் நமக்குப் பசியே போய்விடும். அதோடு அவியல் வேறு வேண்டுமென்றால் அரை நாள் வேலை. ஆகையால் வெளியில் சாப்பிடுவதென்றால் இந்த மாதிரிப் பண்டங்களைத்தான் சாப்பிட வேண்டும் என்பது என் கட்சி. வீட்டில் பத்து நிமிஷத்தில் செய்கிற உப்புமாவைக் காசு கொடுத்து வாங்குவானேன்? கடைசியில் பாதாம் அல்வா கொஞ்சம் வாங்கிக்கொள்ளுங்கள். பாதாமை ஊற வைத்துத் தோல் உரித்தவளுக்குத்தான் அதன் அருமை தெரியும்.

இன்னொரு வேடிக்கை, பொன்னம்பல வாத்தியார் தெருவிலுள்ள 'ஜன்னல் கடை'. பெயர்ப் பொருத்தம் பிரமாதம். ஒரு வீட்டு ஜன்னல்தான் கடை! நீங்கள் தெருவில் நிற்க, ஜன்னல் கம்பிகளுக்கு நடுவே தட்டு வரும். உட்கார இடமில்லை. எங்கள் தெருவில் கொலுவுக்குக் கூப்பிட்டால் கூட இவ்வளவு நெருக்கமாக நிற்க மாட்டார்கள். ஆனாலும் மடிசார் மாமியும், கல்லூரிப் பெண்ணும், ஆட்டோ ஓட்டுகிறவரும் தோளோடு தோள் நின்று பஜ்ஜி சாப்பிடும் காட்சியை வேறெங்கே பார்ப்பது?

அம்மாவின் தட்டு

அடுத்தது திருவல்லிக்கேணி. நெடுஞ்சாலையில் 1948 முதல் இருக்கும் 'ரத்னா கபே' சாம்பார் இட்லிக்குப் பேர் போனது. இங்கே சாம்பாரைக் கிண்ணத்தில் அளந்து வைப்பதில்லை. இட்லியின் தலைக்கு மேல் ஊற்றி, மூழ்கடித்து விடுகிறார்கள். நடுவில் ஒருவர் சாம்பாரோடு சுற்றி வருவார். கேட்டால் மறுபடியும் ஊற்றுவார். இட்லி சாம்பாரில் ஊறியதா, சாம்பார் இட்லியில் ஊறியதா என்று ஆராய்ச்சி செய்யாமல் ஸ்பூனை எடுப்பதே உத்தமம்.

என் தாயாரை முதல் முதலாக இங்கேதான் அழைத்துக்கொண்டு போனேன். கல்யாணம், யாத்திரை என்று போன இடங்களில் தவிர, வெளியில் சாப்பிட்டறியாதவர். "உங்கப்பா இல்லாம நாம மட்டும் எப்படிடி?" என்று பஸ் ஸ்டாண்டு வரை கேட்டுக்கொண்டே வந்தார். உட்கார்ந்த பிறகு முதல் பத்து நிமிஷம் ஹோட்டலைச் சோதனை போட்டார். மேஜை துடைத்த துணி சுத்தமா? தம்ளர் கழுவியதா? சாம்பார் வந்தது. ஒரு வாய் சாப்பிட்டார். "கொத்தமல்லி வறுத்து அரைச்சிருக்கா" என்றார். இன்னொரு வாய். "வெங்காயம் நன்னா வெந்திருக்கு." மூன்றாவது வாய்க்கு விமர்சனம் வரவில்லை. சாம்பார்க்காரர் வந்தபோது, என்னைக் கேட்காமலேயே தட்டைக் கொஞ்சம் முன்னால் நகர்த்தினார்!

எல்லாம் முடிந்ததும் அவர் செய்த காரியம்தான் எனக்கு மறக்கவில்லை. தன் தட்டையும் என் தட்டையும் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, சிந்தியதைக் கையால் வழித்து, எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டார். "அம்மா, வை. அவங்க எடுத்துப்பாங்க" என்றேன். "அட, ஆமாம்!" என்று சிரித்துக்கொண்டே உட்கார்ந்தார். அப்போதும் கைகளை என்ன செய்வது என்று அவருக்குத் தெரியவில்லை. புடவைத் தலைப்பை எடுத்து மடியில் வைத்து நீவிக்கொண்டே இருந்தார். நாற்பது வருஷமாக ஓயாத கைகள். 'சும்மா இரு' என்றால் உடனே இருந்துவிடுமா? காப்பி வந்தது. டவராவில் ஆற்றி ஆற்றி, முழுசாகக் கால் மணி நேரம் குடித்தார். அப்பாவுக்கு ஒரு பார்சல் வாங்கிக்கொண்டுதான் புறப்பட்டார் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

அடுத்த மாதம் நான் ஊரில் இல்லை. திரும்பி வந்தபோது, "நானும் எதிர்வீட்டு மாமியும் போயிட்டு வந்தோம்" என்றார், ஏதோ கோயிலுக்குப் போய் வந்த மாதிரி. யாரும் துணைக்கு வரவில்லை. யாரிடமும் அனுமதி கேட்கவில்லை. பஸ்ஸுக்குக் கூடச் செலவில்லை. சாதாரண நகரப் பேருந்துகளில் 2021-லிருந்து பெண்களுக்குக் கட்டணம் கிடையாது அல்லவா? அந்தச் சலுகையால் யார் யார் எங்கெங்கே போனார்கள் என்று கணக்கெடுப்பவர்கள், என் தாயாரின் சாம்பார் இட்லியையும் சேர்த்துக்கொள்ளட்டும்.

திருவல்லிக்கேணியிலேயே, அக்பர் சாகிப் தெருவில் 'காசி விநாயகா மெஸ்' இருக்கிறது. மேன்ஷன்களில் தங்கியிருக்கும் பிரம்மசாரிகளுக்கு அன்னதாதா. டோக்கன் வாங்கிக்கொண்டு முறை வரும்வரை காத்திருக்க வேண்டும். அந்தப் பிள்ளைகள் இலையில் விழும் ரசத்தை எப்படிச் சாப்பிடுகிறார்கள் என்று பாருங்கள். ஒவ்வொருவனுக்கும் ஊரில் ஒரு அம்மா இருக்கிறாள் என்பது முகத்திலேயே தெரியும்.

மவுண்ட் ரோடும் கடற்கரையும்

அசைவம் சாப்பிடுகிற சகோதரிகள் கோபித்துக்கொள்ள வேண்டாம். உங்களுக்கும் இடம் வைத்திருக்கிறேன். மவுண்ட் ரோடில், அதாவது அண்ணா சாலையில், 'புகாரி' ஹோட்டல் 1951-ல் தொடங்கியது. பிரியாணி இருக்கட்டும், 'சிக்கன் 65' பிறந்தது இங்கேதான், 1965-ல், என்று அவர்கள் சொல்கிறார்கள். பெயரில் வரும் 65-க்கு 65 மிளகாய் என்றும், 65 நாள் வயசான கோழி என்றும் ஊரில் ஆளுக்கொரு கதை உண்டு. கதை எதுவானாலும் கோழி ருசிதான்.

இன்னும் வடக்கே போனால், கடற்கரை ரயில் நிலையத்துக்கு எதிரே, பர்மா பஜாரை ஒட்டிச் சாயங்காலத்தில் வண்டிக் கடைகள் முளைக்கும். இங்கே கிடைக்கிற 'அத்தோ' நம் ஊர்ப் பலகாரம் அல்ல. சேமியாவைப் போலத் தடித்த நூடுல்ஸ், முட்டைக்கோஸ், பொரித்த வெங்காயம், புளித் தண்ணீர், மிளகாய்த் தூள் எல்லாவற்றையும் கையாலேயே பிசைந்து தருவார்கள். கூடவே வாழைத்தண்டு போட்ட சூடான சூப். இதன் கதையைக் கேட்டால் தொண்டை அடைக்கும். பர்மாவில் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்த தமிழர்கள், 1962-ல் அங்கே ராணுவ ஆட்சி வந்து கடை கண்ணிகளை அரசுடைமை ஆக்கிய பிறகு, சம்பாதித்ததையெல்லாம் விட்டுவிட்டுக் கப்பலேறி வந்தார்கள். 1969-ல் அவர்களுக்காக ஏற்பட்டதுதான் பர்மா பஜார். வீட்டைக் கொண்டுவர முடியவில்லை. நகையைக் கொண்டுவர முடியவில்லை. கைப்பக்குவத்தை மட்டும் யாராலும் பறிமுதல் செய்ய முடியவில்லை. அதை வைத்துத்தான் பல குடும்பங்கள் இங்கே மறுபடி உலை ஏற்றின.

சௌகார்பேட்டைக்குப் போகிறவர்கள் தங்கசாலைத் தெருவில் 'காக்கடா ராம்பிரசாத்' கடையில் சுடச்சுட ஜிலேபி சாப்பிடலாம். என்.எஸ்.சி. போஸ் சாலையில், மாலையில் திறக்கும் 'சீனா பாய்' கடையில் இட்லியும் ஊத்தப்பமும்தான். அவற்றின் மேல் விழும் நெய்யையும் பொடியையும் பார்த்தால் வைத்தியர் சொன்னது எதுவும் ஞாபகத்துக்கு வராது.

கையில் அதிகக் காசில்லையா? மாநகராட்சி 2013-ல் தொடங்கிய 'அம்மா உணவகங்கள்' இருக்கின்றன. தொடங்கியபோது இட்லி 1 ரூபாய், சாம்பார் சாதம் 5 ரூபாய், தயிர் சாதம் 3 ரூபாய். சமைப்பவர்களும் பரிமாறுபவர்களும் சுய உதவிக் குழுக்களைச் சேர்ந்த பெண்கள். வீட்டில் கணக்கே இல்லாமல் செய்கிற அதே வேலைக்கு இங்கே கூலி உண்டு. சமையலும் ஒரு வேலைதான் என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டுமா?

என் பரீட்சை

புது இடத்துக்குப் போகும்போது நான் ருசியை மட்டும் பார்ப்பதில்லை. ஒரு முறை, பெயர் வேண்டாம், பெரிய ஹோட்டல் ஒன்றில் மத்தியான வேளையில் தனியாகப் போய் உட்கார்ந்தேன். பரிசாரகர் வந்தார். "யாராவது வரணுமாம்மா?" என்று கேட்டார். இல்லை என்றேன். தண்ணீர் வைத்துவிட்டுப் போனவர், எனக்குப் பின்னால் வந்த மூன்று மேஜைக்கும் கவனித்துவிட்டு, மறுபடி வந்து, "சார் இன்னும் வரலீங்களா?" என்றார். எந்தச் சாருக்காக அவர் காத்திருந்தாரோ, எனக்குத் தெரியாது! "சாரை நான் இன்னும் பார்க்கவில்லை. பார்த்தால் அனுப்புகிறேன். அதுவரை எனக்கு ஒரு சாப்பாடு கொண்டு வாருங்கள்" என்றேன். சாப்பாடு வந்தது. நன்றாகத்தான் இருந்தது. ஆனால் அந்த ஹோட்டலின் பெயர் இந்தக் கட்டுரையில் இல்லை.

ஆகவே என் பரீட்சையில் மூன்றே கேள்விகள். தனியாக வரும் பெண்ணை, வந்தவுடன் கவனிக்கிறார்களா? கை கழுவும் இடமும் கழிப்பறையும் சுத்தமாக இருக்கின்றனவா? காப்பியைக் குடித்து முடிக்கும் முன்பே பில்லைக் கொண்டுவந்து வைத்து விரட்டாமல் இருக்கிறார்களா? மூன்றுக்கும் 'ஆம்' என்றால், சட்னியில் உப்பு ஒரு கல் தூக்கலாக இருந்தாலும் நான் மன்னித்துவிடுவேன்.

நமக்கும் ஒரு கடமை உண்டு. உங்கள் மேஜையைத் துடைக்கிற பையனை நிமிர்ந்து பாருங்கள். இப்போது பலர் பீகாரிலிருந்தும், ஒடிசாவிலிருந்தும், அதற்கும் அப்பாலிருந்தும் வந்த பிள்ளைகள். உள்ளே அனலில் நின்று வார்க்கிறவரும் எல்லோரும் சாப்பிட்ட பிறகுதான் சாப்பிடுவார். அந்தப் பசி எப்படியிருக்கும் என்று நம்மைவிட நன்றாகத் தெரிந்தவர்கள் யார்? "நன்றாக இருந்தது" என்று ஒரு வார்த்தை சொல்லுங்கள். வீட்டில் யாராவது சொல்ல மாட்டார்களா என்று நாம் ஏங்குகிற வார்த்தைதானே!

சரி, எப்போது போகிறீர்கள்? ஞாயிற்றுக்கிழமை வேண்டாம், கூட்டம் தாங்காது. வாரத்தின் நடுவில் ஒரு நாள் பாருங்கள். அம்மாவையோ, மாமியாரையோ, எதிர்வீட்டு மாமியையோ கூட்டிக்கொள்ளுங்கள். ஒருவருமில்லாவிட்டால் தனியாகவே கிளம்புங்கள். போய் வந்து எங்களுக்கு எழுதுங்கள். நான் பார்க்காத நல்ல இடம் உங்கள் பேட்டையில் இருந்தால், அதையும் சொல்லுங்கள்.

வீட்டில் இருப்பவர்களுக்குப் பார்சல் வாங்க வேண்டுமா என்றால், அது உங்கள் இஷ்டம். என் யோசனை, வேண்டாம். மாவு எங்கே இருக்கிறது, தோசைக்கல் எங்கே இருக்கிறது என்று ஒரு சீட்டு எழுதி வைத்துவிட்டுப் புறப்படுங்கள். மற்றதை அவர்கள் பார்த்துக்கொள்வார்கள்.